புதுப்பிப்பு: ரீ-பேடில் உள்ள சிறு துளையை அடைக்கலாமா?

கிளைக் குழாய் இணைப்பைச் சுற்றி வெல்டு செய்த ரீ-பேடில் (இணைப்பை வலுப்படுத்தும் தகடு) ஒரு சிறு துளை இருக்கிறதே, பெயின்ட் அடிக்கும் முன் அதை வெல்டு வைத்து மூடிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூடவில்லை, மூடவும் கூடாது.

வெல்டிங் நேரத்திலேயே அதற்கு வேலை இருக்கிறது. பேடுக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கிய காற்று சூட்டில் விரியும். போக வழி இல்லாவிட்டால், கடைசியாக மூடும் இடத்தில் உருகிய உலோகத்தைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வெப்பச் சிகிச்சையின்போதும் இதே ஆபத்துதான்.

அந்தத் துளை வழியாகச் சுமார் 1 பார் காற்று கொடுத்து, வெல்டு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். பேடின் ஓரத்தைக் குழாயோடு இணைக்கும் வெளிவெல்டில், ஆர்க்கை நிறுத்தித் தொடங்கிய இடத்தில் கடுகளவு குமிழ்கள் விடாமல் வந்தன. கிரைண்ட் செய்து மறுபடி வெல்டு வைத்ததும் நின்றது. குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் இது அகப்பட்டிருக்காது. உள்வெல்டு, அதாவது கிளையைக் குழாயோடு இணைக்கும் வெல்டு, நன்றாக இருந்தால் தண்ணீரின் அழுத்தம் வெளிவெல்டுக்கு வரவே வராது.

லைன் ஓடும்போது கிளை வெல்டு விரிசல் விட்டால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்தத் துளைதான். அடைத்துவிட்டால் பேடுக்கு அடியில் அழுத்தம் யாருக்கும் தெரியாமல் ஏறும்.

ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிப்படி துளை பேடின் பக்கவாட்டில் இருக்க வேண்டும், கிளை பிரியும் கவட்டில் அல்ல. பேட் பல துண்டாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துளை வேண்டும். மழைநீர் புகாமல் இருக்க கிரீஸ் மட்டும் வைத்திருக்கிறோம், உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அது தானே வழிவிடும்.