சாயப்பட்டறையை மூடுனது கோர்ட்டா, வாரியமா?

சந்தைச்சித்தன்:
"அரசுக் கட்டுப்பாடு இல்லைன்னா திருப்பூர் சாயக்கழிவுல நொய்யல் ஆறு செத்தே போயிருக்கும்"னு நேத்து ஒரு அறிவாளி இங்க எழுதியிருந்தார். ஐயா, கட்டுப்பாடு இருக்கும்போதுதானே செத்துச்சு? தண்ணி மாசைத் தடுக்கிற சட்டம் 1974-லயே வந்தாச்சு. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியாச்சு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஃபைல் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. 2011 ஜனவரி 28-ல மூடச் சொன்னது ஹைகோர்ட். கேஸ் போட்டது ஆயக்கட்டு விவசாயிங்க. அரசு தலையிடவே வேண்டாங்கிற லிபர்டேரியன் சொல்றதும் இதான்: என் சொத்தைக் கெடுத்தியா, கோர்ட்டுக்கு வா, நஷ்ட ஈடு குடு. நடுவுல இன்ஸ்பெக்டர் எதுக்கு?

நொய்யல்கரை:
ஏனுங்க, கோர்ட்டு என்ன உங்க சந்தையில கடை போட்டிருக்குதா? உத்தரவு வந்ததும் பட்டறைக்குக் கரண்டைப் புடுங்குனது யாருங்க? எங்க கெணத்து மோட்டார் பைப்பைக் கழட்டுனா உள்ளுக்குள்ள வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்கும். எளனியே கரிச்சுதுங்க, ஒறம்பரைக்கு வெட்டிக் குடுக்க வெக்கமாப் போச்சு.

சந்தைச்சித்தன்:
எளனிக்கு என் அனுதாபம். கேட்டது வேற. மூடச் சொன்னது கோர்ட்டா, வாரியமா?

லேப்டப்பா:
கழிவுநீர்ல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரம்பு இருக்கு. அது இல்லாம கோர்ட்ல எதைக் காட்டுவீங்க, நாக்கையா? எழுநூறு பட்டறையில எந்தப் பட்டறை உப்பு இவர் கெணத்துல இறங்குச்சுன்னு யார் நிரூபிக்கிறது?

சந்தைச்சித்தன்:
பொருளாதார நிபுணர் ரொனால்ட் கோஸ் 1960-லயே எழுதிட்டார், போய்ப் படிங்க. யாருக்கு என்ன உரிமைன்னு தெளிவா இருந்தா ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கலாம். கோர்ட்டா, வாரியமா?

லேப்டப்பா:
பேரம் பேசச் செலவே இல்லைன்னாங்கிற நிபந்தனையோட எழுதினார். அந்தப் பக்கத்தை மட்டும் கரையான் தின்னுடுச்சா? ஜிஎஸ்டி சண்டையில பாதியில ஓடின ஆள்தானே நீங்க?

சந்தைச்சித்தன்:
ஓடலை. தங்கச்சி கல்யாணம். அப்பவே சொன்னேன்.

பனியன்தம்பி:
ரெண்டு பேரும் ஏசி ரூம்ல இருந்து அடிச்சுக்கறீங்க. 2011-ல சாயம் போட ஆளில்லாம துணி மலை மாதிரி கெடந்துச்சு. வேலையில்லாம ரூமைக் காலி பண்ணிப் போனவங்க எத்தனை பேரு! பாதிப் பேரு பக்கத்து மாவட்டத்துக்குப் போய் ராத்திரியில திருட்டுத்தனமா சாயம் போட்டான். காவிரிக்கரைக்காரனுக்கு அடுத்த கேஸு.

சந்தைச்சித்தன்:
பார்த்தீங்களா, தடை போட்டா திருட்டு வரும். என் பாயிண்ட்.

நொய்யல்கரை:
உங்க பாயிண்ட்டா! சுத்திகரிப்பு நெலையத்துக்கு அரசாங்கம் 200 கோடி வட்டியில்லாக் கடன் குடுத்துச்சே, "சந்தை பார்த்துக்கும், எடுத்துட்டுப் போங்க"ன்னு எந்த மொதலாளியாவது சொன்னாருங்களா?

சந்தைச்சித்தன்:
அந்தக் கடனையும் நான் எதிர்க்கிறேன். விவசாயத்துக்கு இலவசக் கரண்டையும் எதிர்க்கிறேன். இப்ப சொல்லுங்க, கோர்ட்டா...

நொய்யல்கரை:
கோர்ட்டுதானுங்க. 2006-லயே தீர்ப்புச் சொல்லுச்சு, 2009-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லுச்சு. அப்பறமும் தண்ணி கலரா வந்துச்சு. சொன்னது மட்டும் போதும்னா 2011 எதுக்குங்க?

சந்தைச்சித்தன்:
ஆக, வாரியம் இல்லைன்னு ஒத்துக்கிட்டார். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க.

லேப்டப்பா:
ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க. தங்கச்சி கல்யாண ஃபோட்டோ பக்கத்துல.

நொய்யல்கரை:
த்ரீ ஃபேஸ் வந்துருச்சு, மோட்டார் போடப் போறனுங்க. நீங்க எதிர்க்கிற அதே கரண்டுதான்.