சின்னப் படத்துக்கு 70 ஸ்கிரீன் போடலாங்களா? (கோயமுத்தூர் ஏரியா)

வாய்க்கால்மேடு, கோபி:

வணக்கமுங்க. 1 மணி 52 நிமிசப் படம். எடிட் முடிஞ்சுது, சவுண்ட் மிக்ஸிங் அடுத்த வாரம். சென்சாருக்கு இன்னும் போகல. எடிட் டைம்லைன் நொடிக்கு 25 பிரேம். ஓடிடியில எங்க கேட்டாலும் "தியேட்டர்ல விட்டுட்டு வாங்க"ங்கறாங்க. ஒரு விநியோகஸ்தர் தமிழ்நாடு பூரா 70 ஸ்கிரீன் போட்டுத் தர்றேன்கிறார். செலவு எங்களுது, அவருக்கு 10 சதம் கமிஷன், கூடவே எல்லா உரிமையும் எழுதிக் கொடுக்கணுமாம். ரிலீசுக்குன்னு கையில இருக்கறது 12 லட்சம். இன்னொண்ணு, ரேக்ளா காளை வர்ற சீன் ஒண்ணு 4 நிமிசம் இருக்குது. அதுக்கு முன் அனுமதி வாங்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:

70 வேண்டவே வேண்டாமுங்க. கணக்கைப் போட்டுப் பாருங்க. வரி போக டிக்கெட்டுக்கு 90 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். தெரியாத முகங்க நடிச்ச படம், காட்சிக்கு 15 பேர். நாலு காட்சிக்கு 60 பேர், 5,400 ரூபாய். பாதிக்குப் பாதி ஷேர்னா உங்களுக்கு 2,700. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளைக்கு 8,100. கமிஷன் போக 7,290. அந்த ஸ்கிரீனோட டிஜிட்டல் கட்டணம் (டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கம்பெனிக்குக் கட்டறது), போஸ்டர், ஒட்டுக்கூலி, தியேட்டர்ல வசூலைப் பாத்துக்கற ரெப்போட பேட்டா அத்தனையும் இதுக்குள்ள அடங்கணும். அடங்காதுங்க. ஸ்கிரீன் கூடக்கூட நட்டமும் கூடத்தான் செய்யும்.

2018 மார்ச்ல தயாரிப்பாளர்கள் புதுப்படமே விடாம நிறுத்துனது இந்த டிஜிட்டல் கட்டணத்துக்காகத்தான். நாலு வாரம் ஓடற படம் அதைக் கரைச்சிரும், மூணு நாள்ல தூக்கற படத்துக்குக் கரைக்க நாளே கிடையாது. அதனால வாரக் கட்டணம் பேசாம, காட்சிக் கணக்குல கட்ட முடியுமான்னு முதல்லயே கேளுங்க.

இன்னொரு விசயம், விநியோகத்துல கொங்கு ஒரே ஏரியா இல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி வரைக்கும்தான் கோயமுத்தூர் ஏரியா. நாமக்கல் சேலம் ஏரியாவுல வரும், கரூர் திருச்சி-தஞ்சாவூரோட போயிரும். கோவைக்கு மட்டும் பேசிட்டு ராசிபுரத்துல போஸ்டர் ஒட்டுனா வம்புதான்.

என்ற ரோசனை 8 ஸ்கிரீன். கோவையில ரெண்டு, அப்புறம் திருப்பூர், ஈரோடு, கோபி, சத்தி, தாராபுரம், பொள்ளாச்சி. எல்லாத்துலயும் நாலு காட்சி கேக்காதீங்க, ரெண்டு போதும். ஆனா எந்த ரெண்டுங்கறதை எழுதி வாங்கிக்குங்க. திருப்பூர்ல சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை வெச்சு அங்க படத்தை எடை போட முடியாது. சனி ராத்திரியும் ஞாயிறு மத்தியானமும் கையில இருக்கோணும். ஞாயித்துக்கிழமையே பெரிய படத்துக்குக் காட்சியை மாத்திவிடற பழக்கம் உண்டு, அதனாலதான் எழுத்துல கேக்கச் சொல்றேன்.

கேபின் கண்ணாடி:

25 பிரேமை இப்பவே முடிவு பண்ணிருங்க, மிக்ஸிங்குக்கு முன்னால. பழைய இன்டர்ஆப் வகை டிசிபி (தியேட்டர் சர்வர்ல ஏத்தி ஓட்டற படக் கோப்பு) 24-ஐயும் 48-ஐயும்தான் ஏத்துக்கும். 25 வேணும்னா எஸ்எம்பிடிஈ வகையில போடணும், சின்ன ஊர் சர்வர் எல்லாம் அதை ஒழுங்கா ஓட்டும்னு நம்பி இறங்க முடியாது. 24-க்கு இழுத்தா 112 நிமிசப் படம் 116 நிமிசம் 40 நொடி ஆயிரும். சத்தத்தையும் அதே அளவு இழுத்து, சுருதியைச் சரிபண்ணணும். இல்லாட்டி குரலெல்லாம் கொஞ்சம் தடிச்சுக் கேக்கும். சென்சார் சர்டிபிகேட்ல ஒரு நீளம், தியேட்டர்ல ஒரு நீளம்னு ஆச்சுன்னா திரும்ப வாரியத்துக்கு நடக்கணும்.

சத்தம் பத்தி ஒண்ணு. சின்ன ரூம்ல ஸ்டீரியோவா மிக்ஸ் பண்ணி அதை 5.1-ன்னு பேர் மாத்தி வெக்கறாங்க. சென்டர் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இருக்காது. ஓரத்துச் சீட்ல உக்கார்றவனுக்கு வசனம் பக்கத்துச் செவுத்துல இருந்து வரும். வசனத்தை சென்டர்ல வையுங்க. மிக்ஸ் தியேட்டர்ல பேடர் (சத்த அளவுத் திருகு) 7-ல கேட்டிருப்பீங்க, ஊர்ல பாதிப் பேர் 5-க்கு மேல ஏத்தமாட்டாங்க. 5-ல வெச்சு ஒருதரம் முழுசாக் கேளுங்க. முணுமுணுப்பு வசனமெல்லாம் அங்கதான் காணாமப் போகும்.

படத்தோட பூட்டைத் திறக்கற டிஜிட்டல் கீ விசயத்துல ஏமாந்துராதீங்க. அந்தக் கீ கோப்புல (கேடிஎம்) நேரம் பெரும்பாலும் யுடிசி-யில, அதாவது உலகப் பொது நேரத்துல எழுதியிருக்கும். ஆரம்பம் 06:00-ன்னு பார்த்து நிம்மதியாப் போயிருவாங்க. நம்ம நேரத்துக்கு அது 11:30, பத்தரை மணிக் காட்சி அவ்வளவுதான். காலை 6 மணிக்குத் திறக்கணும்னா 00:30-ன்னு இருக்கணும். கீ ஒவ்வொரு சர்வருக்கும் தனி. ரிப்பேர்னு மீடியா பிளாக்கை (சர்வர்ல பூட்டைத் திறந்து படத்தை ஓட்டற பாகம்) மாத்தியிருந்தா, அந்தப் பழைய பாகத்தோட டிஜிட்டல் சர்டிபிகேட்டுக்குப் போட்ட கீ திறக்காது. புதன்கிழமையே ஒவ்வொரு தியேட்டருக்கும் போன் பண்ணி சர்வர் நம்பரை ஒத்துப் பாருங்க. பணம் கட்டாம கீ வராது, அதையும் வியாழன் ராத்திரி வரைக்கும் இழுக்காதீங்க.

காங்கேயன்:

காளை சீனை வெட்டுங்க. வேற வழி பாக்காதீங்க. வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குப் பட்டியல்ல கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோட 2011-லயே காளையையும் சேர்த்தாச்சு. நம்ம ஊர்ல 2017-ல வந்த திருத்தம் ஜல்லிக்கட்டுக்கு. அதைக் காட்டிப் படப்பிடிப்புக்கு அனுமதின்னு சொல்ல முடியாது. விலங்கு நல வாரியம் படம் எடுக்கறதுக்கு முன்னாலதான் அனுமதி தரும், எடுத்து முடிச்சுட்டுப் போனா சென்சார் சர்டிபிகேட் கேக்கற இடத்துல மாட்டிக்குவீங்க. கிராபிக்ஸ்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஆதாரமா வயர்பிரேம் (கம்ப்யூட்டர்ல போட்ட கோட்டு உருவம்), வெறும் பின்னணி ஷாட்டு எல்லாம் கேப்பாங்க.

4 நிமிசத்தை ஒன்றரை நிமிசமா ஆக்கிப் பாருங்க. சுத்தற சக்கரம், புழுதி, ஓட்டறவர் மூஞ்சி, சலங்கைச் சத்தம், அது போதும். காளை பிரேமுக்குள்ள வரவே வேண்டாம். (இந்த ஊர்க்காரனுக்கு இதை எழுதறதே கஷ்டமாத்தான் இருக்குது.) நாய், கோழின்னு வேற எதுனா வருதான்னும் ஒருதரம் ஓட்டிப் பாத்துருங்க.

வாய்க்கால்மேடு, கோபி:

நன்றிங்க. கோழி வருதுங்க! அப்ப முதல்ல வெட்டு, அப்புறம் 24, அப்புறம் மிக்ஸ், டிசிபி, கடைசியா சென்சார், சரிங்களா? அந்த "எல்லா உரிமையும்" பத்தி யாரும் சொல்லலையே.

சென்னிமலை:

வரிசை சரி. அந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்து வேண்டாம். 10 சதம் கமிஷன் வாங்கி, செலவும் உங்க தலையில கட்டறவருக்கு தியேட்டர் உரிமைக்கு மேல ஒண்ணும் கொடுக்கக் காரணம் இல்ல. சேட்டிலைட் (டிவி), ஓடிடி, வெளிநாடு, இந்தி டப்பிங், யூடியூப், ஆடியோ, ரீமேக் எல்லாம் தனித்தனி. எதைக் கொடுக்கறீங்க, எந்த ஏரியாவுக்கு, எத்தனை வருசத்துக்குன்னு மூணும் எழுத்துல இருக்கணும். எழுதாம விட்டா காப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி காலம் 5 வருசம், எல்லை இந்தியா பூராவும்னு எடுத்துக்குவாங்க. அதே பிரிவுல உங்களுக்குச் சாதகமா ஒண்ணு இருக்குது. வாங்கினவர் 1 வருசத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலைன்னா அது காலாவதி ஆயிரும், ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா ஒழிய. அந்த "ஒழிய" வரிதான் எட்டாம் பக்கத்துல ஒளிஞ்சிருக்கும். தேடி அடிச்சுருங்க.

ஓடிடிக்காக விடறதுன்னா ஆதாரம் சேருங்க. தினசரி கலெக்‌ஷன் ரிப்போர்ட் ஒவ்வொரு தியேட்டர்லயும் கையெழுத்தோட வேணும். எத்தனை வாரம் கழிச்சு ஓடிடிக்குப் போகலாம்கிறதையும் தியேட்டர் ஒப்பந்தத்துலயே போடுங்க. நடைமுறை 4 வாரம், தியேட்டர்காரங்க 8 கேக்கறாங்க. வாங்காம, பார்த்த நேரத்துக்குக் காசுங்கற கணக்குல எடுக்கறவங்களும் இருக்காங்க. அப்படின்னா அந்த நேரக் கணக்கை யார் காட்டறது, எத்தனை நாளைக்கு ஒருதரம்னு கேளுங்க.

மிக்ஸிங் அடுத்த வாரம்னீங்க. வசனம் இல்லாத இசை, சத்தம் மட்டும் இருக்கற டிராக்கையும், திரையில டைட்டில் எழுத்தே இல்லாத படப் பிரதியையும் அப்பவே எடுத்து வெச்சுருங்க. இது ரெண்டும் இல்லாம டப்பிங் உரிமை பேசவே முடியாது, ஆறு மாசம் கழிச்சு மிக்ஸிங்ல கேட்டா தனி பில் வரும்.