பக்கச் சந்துத் தண்ணீர் சுவரோரமே நிற்கிறது, வாட்டத்தை (தரைச் சரிவை) எப்படி மாற்றுவது?

கேள்வி: மேடவாக்கம் பக்கம் தனி வீடு, களிமண் பூமி. கட்டும்போது ரோட்டை விட நல்ல உயரம்தான், ரோடு மேல் ரோடு போட்டு இப்போது ஒரு அடிகூடத் தேறாது. ஐப்பசி மழை பிடித்தால் கிழக்குச் சந்தில் (4 அடி அகலம், 40 அடி நீளம்) தண்ணீர் சுவரை ஒட்டியே நிற்கிறது. உள்ளே ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பெயிண்டர் ஈரத்தடுப்பு கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார், கொத்தனார் எம் சாண்ட் கொட்டி பேவர் பிளாக் போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அந்தச் சுவர் சித்திரையிலும் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் முதலில் பாத்ரூம் குழாய்க் கசிவைப் பாருங்கள். மழைக்கு மட்டும் என்றால் வெளியேதான் கோளாறு, உள்ளே எத்தனை கோட்டிங் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரியும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே விடுகிறது என்றும் பாருங்கள், பல வீடுகளில் அது சுவரடியிலேயே கொட்டும்.

இன்னொரு பதில்: பேவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அடிமண்ணுக்கு வாட்டம் கொடுக்காமல் மணலைக் கொட்டினால் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் களிமண் மேல் தங்கி அஸ்திவாரத்தை ஊற வைத்துக்கொண்டே இருக்கும், மேலே காய்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அடிமண்ணையே சுவரிலிருந்து காம்பவுண்ட் பக்கம் சரித்து வெட்டி, தண்ணீர் தெளித்து திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்குங்கள். மண்ணாகவே விடுவதென்றால் 4 அடிக்கு இரண்டரை அங்குலச் சரிவாவது வேண்டும், அமுங்கும் என்பதால் 3 வைக்கலாம். மேலே கான்கிரீட் போட்டால் 1 அங்குலம் போதும், சுவரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தை மட்டும் நன்றாக அடைக்க வேண்டும். கண் மட்டத்தை நம்பாதீர்கள், மட்டக் குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்) பிடித்துப் பாருங்கள்.

கேட்டவர்: மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தோம், சந்தின் நடுப்பகுதிதான் மேடு, சுவரோரம் பள்ளம். ஹால் பக்கம் ரோஜாச் செடிக்குக் கொட்டிய செம்மண் பேஸ்மட்டத்துக்கு (அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் மட்டம்) மேலேயே ஏறியிருக்கிறது. மாடிக் குழாய் சரியாகத்தான் இருக்கிறது. சரி, காம்பவுண்ட் பக்கம் தள்ளிய தண்ணீர் அப்புறம் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

பதில்: முதல் வேலையாக அந்தச் செம்மண்ணை அள்ளுங்கள். பேஸ்மட்டத்தில் போட்ட ஈரத்தடுப்பு அடுக்கைத் தாண்டி மண் நின்றால் சுவர் நேராக மண்ணிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். காம்பவுண்டை ஒட்டி ஆழமில்லாத சிமெண்ட் கால்வாய் ஒன்று, 40 அடிக்கு 5 அங்குலம் இறக்கம் வைத்து முன்பக்கம் கொண்டு போங்கள். அங்கே மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் தொட்டி இருந்தால் அதில் விடலாம், ஆனால் அது வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும், களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் மிஞ்சும் தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும். ரோட்டைப் பற்றி ஒன்று: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இலேயே அரசு உத்தரவு இருக்கிறது, அடுத்த தடவை ஜல்லி வந்து இறங்கும் முன்பே தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுங்கள்.

இன்னொரு பதில்: கால்வாயை ரோட்டுக்கு விடும் ஓட்டையில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் மூடி போடுங்கள். ரோட்டில் தண்ணீர் ஏறினால் அதே வழியாகத் திரும்பி உள்ளே வரும். மூடி அடைத்திருக்கும் அந்த நேரத்தில் தண்ணீரை வெளியே இறைக்க, கால்வாய் முடியும் முன்பக்கத்தில் ஒரு குழியும் அதில் ஒரு சின்ன மோட்டாரும் இருப்பது நல்லது. சுவரை இப்போது பூச வேண்டாம், உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்து ஒரு கோடை முழுக்க காய விடுங்கள்.