ஸ்லைடர் வைத்த பிறகு என்னென்ன உடைகிறது? – 9, 10-ஆம் வகுப்புக் கணித, அறிவியல் ஊடாடும் பாடங்கள்: அனுபவப் பகிர்வு (பரவளையம், ஊசல், விடைக்குறிப்பு, கதிவேகம் என்பவை பகிர்ந்தவர்களின் புனைபெயர்கள்)

பரவளையம்:
ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் எல்லாரும் முதலில் செய்வது இருபடிச் சார்பு. ஏ, பி, சி மூன்று கெழுக்களுக்கும் மூன்று ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டி), −5 முதல் 5 வரை, படி 0.1. கணினித் திரையில் அழகாக ஓடும். கைப்பேசியில்தான் சிக்கல். 101 நிலைகளை 200 பிக்சல் நீளத்தில் அடைத்தால் ஒரு நிலைக்கு 2 பிக்சல். எந்த விரலும் அங்கே நிற்காது. மாணவருக்கு 2 வேண்டும், 1.8-உம் 2.3-உம்தான் கிடைக்கும். படியை 0.5 ஆக்குங்கள், 21 நிலை போதும்.

அடுத்தது ஏ = 0. அங்கே முனையை (பரவளையம் திரும்பும் புள்ளியை) கணக்கிடும்போது பூஜ்யத்தால் வகுக்கிறோம், புள்ளி சட்டென்று காணாமல் போகும். பலர் பூஜ்யத்தையே ஸ்லைடரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம். "ஏ = 0 ஆனதால் இது இப்போது நேர்கோடு" என்று ஒரு வரி தோன்றும்படி நிபந்தனை வையுங்கள். அந்தப் பக்கத்தில் கற்க வேண்டிய விஷயங்களில் அதுவும் ஒன்று.

பி ஸ்லைடரைத்தான் எல்லாரும் ஒப்புக்கு வைக்கிறார்கள். சி மாறினால் படம் மேலும் கீழும் போகும், ஏ மாறினால் விரியும் சுருங்கும், அது கண்ணுக்கே தெரியும். பி மாறும்போது முனை இன்னொரு பரவளையத்தின் மேல் நகர்கிறது, அது தலைகீழாகக் கவிழ்ந்தது. முனைக்குத் தடம் விடும் வசதியைப் போட்டால் படமாகவே தெரியும். ஸ்லைடரைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: "ஏ = 1, சி = 0. பி 2-லிருந்து 4 ஆனால் முனை எந்தப் பக்கம் போகும்?" பெரும்பாலோர் வலம் என்பார்கள். (−1, −1)-லிருந்து (−2, −4)-க்கு, இடமும் கீழுமாகப் போகும். ஊகத்தை எழுதிய பிறகே ஸ்லைடர் நகரும்படி பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் இழுத்து விளையாடிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

ஊசல்:
இயற்பியல் பக்கம் சொல்கிறேன். தனி ஊசலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும்போது வரும் கோளாறுகள் மூன்று.

ஒன்று, வீச்சு தானாக வளர்வது. பழைய திசைவேகத்தை வைத்து நிலையையும், பழைய நிலையை வைத்துத் திசைவேகத்தையும் புதுப்பித்தால் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கொஞ்சம் கூடும். 1 மீட்டர் ஊசல், நொடிக்கு 60 படி என்றால், 10 டிகிரியில் விட்டது 10 நொடியில் 20 டிகிரியைத் தாண்டிவிடும். ஆற்றல் அழிவின்மைப் பாடத்தில் இப்படி ஓர் ஊசல்! மருந்து ஒரே வரி: திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டே நிலையைக் கணக்கிடுங்கள்.

இரண்டு, 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60-க்குப் பதில் 120 ஃபிரேம் (படச் சட்டகம்) காட்டுவது. "ஒரு ஃபிரேமுக்கு ஒரு படி" என்று எழுதியிருந்தால் அந்தக் கைப்பேசியில் ஊசல் இரு மடங்கு வேகத்தில் ஆடும். 2.0 நொடி வரவேண்டிய அலைவு நேரம் 1.0 என்று அளக்கப்படும், தப்பு மாணவர் தலையில் விழும். ஃபிரேம்களை எண்ணாமல் கடந்த நேரத்தை அளந்து ஓட்டுங்கள்.

மூன்று, அப்படி நேரத்தை அளந்தால் வருவது. மாணவர் வேறு டேபுக்குப் போய் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால் 60 நொடி ஒரே படியில் பாய்ந்து ஊசல் எங்கோ சிதறும். ஒரு படிக்கு உச்சவரம்பு 0.05 நொடி என்று வைத்தால் சரியாகிவிடும்.

அலைவு நேரத்தைத் திரையில் எழுதிக் காட்டாதீர்கள். நிறுத்துக் கடிகாரத்தை மட்டும் கொடுத்து 20 அலைவுகளை எண்ண விடுங்கள். ஆரம்பக் கோணத்துக்கும் வரம்பு வேண்டும்: 60 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் பாடநூல் சூத்திரத்தைவிடச் சுமார் 7% கூடுதல். நிரல் சரியாகத்தான் சொல்லும், விடைக்குறிப்புதான் பொருந்தாது.

விடைக்குறிப்பு:
அதே விடைக்குறிப்புச் சங்கதிதான் மூடுல் என்ற கற்றல் தளத்தில் ஸ்டாக் வினாக்களிலும் (கணித விடைகளைத் தானாகத் திருத்தும் வினா வகை). "காரணிப்படுத்துக" என்று கேட்டுவிட்டு, இயற்கணிதச் சமத்தை மட்டும் சோதித்தால், கேள்வியில் உள்ள கோவையை அப்படியே திருப்பி எழுதியவருக்கும் முழு மதிப்பெண். இரண்டும் சமம்தானே! காரணி வடிவத்தைப் பார்க்கும் தனிச் சோதனை முறை அதில் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

எண்களைச் சமவாய்ப்பில் எடுக்கும்போது விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூலங்களை முதலில் தேர்ந்து, அவற்றுக்குரிய காரணிகளைப் பெருக்கிக் கெழுக்களைப் பெறுவது நல்லது. பக்க இணைப்பு மின்தடைக்கு 3-6, 4-12, 10-15, 20-30 மாதிரி சோடிகளை ஒரு பட்டியலாக வைத்தால் 2, 3, 6, 12 ஓம் என்று முழு எண் வரும். தப்பு விடைகளை வாய்க்கு வந்தபடி போடக் கூடாது. 3-6 சோடிக்கு 9 என்பவர் தொடர் இணைப்பாகக் கூட்டியவர், 0.5 என்பவர் கடைசியில் தலைகீழாக்க மறந்தவர். இருவருக்கும் வேறு வேறு குறிப்பு காட்டுங்கள்.

கதிவேகம்:
நான் இலங்கைப் பக்கம். தமிழில் செய்தால் எல்லாத் தமிழ் மாணவருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வேகம், திசைவேகம். எங்கள் பாடநூலில் அவையே கதி, வேகம். "வேகம்" என்று பெயரிட்ட ஒரே வரைபடம் இரு இடத்தில் இரு கணியத்தைக் குறிக்கும். முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல், அயனி எங்களுக்கு அயன், ஆக்சிஜன் ஒட்சிசன். சொற்களைப் படத்துக்குள் வரையாமல் தனிக் கோப்பில் வைத்தால் மாற்றுவது சுலபம்.

கோடிட்ட இடம் நிரப்பும் வினாவில் இன்னொரு பொறி உண்டு. "கொதிநிலை" என்பதில் உள்ள கொ, யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒற்றை உயிர்க்குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சரியான விடைக்குச் சிவப்புக் குறி விழும். ஒப்பிடும் முன் மாணவர் விடை, சரியான விடை இரண்டையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளியை நீக்குங்கள். எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவூட்டமும், உயிர்க்குறியைத் தனி எழுத்தாகப் பிரித்துக் காட்டினால், தமிழில் புள்ளிவட்டங்களைத் துப்பும்.

பரவளையம்:
@கதிவேகம், கொ விஷயம் உதவும், நன்றி. கைப்பேசிக்கு ஒன்று விட்டுப்போனது. ஜியோஜீப்ரா படம் திரை அகலம் முழுக்க இருந்தால் பக்கத்தை உருட்டப் பார்க்கும் விரலைப் படம் பிடித்துக்கொள்ளும். இழுத்தல், பெரிதாக்கலை அணைத்துவிட்டு இருபுறமும் 20 பிக்சல் விடுங்கள்.

ஊசல்:
இணையம் இல்லாத பள்ளிகளுக்கும் சேர்த்து ஒன்று. ஃபிளாஷில் செய்து வைத்தவை 2020 முடிவோடு போயின, ஜாவா ஆப்லெட்டுகள் அதற்கு முன்பே. இப்போது ஃபெட் என்ற இலவசத் தளத்தின் அறிவியல், கணித உருவகப்படுத்தல்களை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எச்5பி என்ற கருவியில் செய்த ஊடாடும் பாடங்களை லூமி செயலி அதே மாதிரி ஒற்றைக் கோப்பாகத் தரும், பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். நாமே எழுதும் பக்கங்களில்தான் கவனம் வேண்டும். சமன்பாடுகளைக் காட்டும் கேடெக்ஸ் நிரல் நூலகத்தையும் எழுத்துருவையும் வெளித்தளத்திலிருந்து அழைத்திருந்தால், வகுப்பறையில் சமன்பாடு வரவேண்டிய இடத்தில் டாலர் குறிகளும் சாய்கோடுகளும்தான் தெரியும். இரண்டையும் அதே கோப்புறையில் வைத்து, கொடுப்பதற்கு முன் வைஃபையை அணைத்துவிட்டு, பக்கத்தை ஒருமுறையும் திறந்திராத வேறு கணினியில் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் பார்த்தால் கேஷ் (உலாவி முன்பே சேமித்து வைத்த நகல்) காப்பாற்றிவிடும், குறை தெரியாது.