ஃபேன் நின்ற இரவில் கேட்ட புல்லாங்குழல்

குன்னூர்

யாரும் பேசாத, ஆனால் நாம் விட்டுக்கொடுக்கவே முடியாத ஓர் இசைத்தொகுப்பு எல்லோருக்கும் ஒன்று இருக்கும். அது எது, கைக்கு எப்படி வந்தது என்று மலைப்பக்கத்து நண்பர்களைக் கேட்டிருந்தேன். கேட்டவனே முதலில் சொல்வதுதான் முறை.

என்னுடையது 'நத்திங் பட் விண்ட்'. இளையராஜா 1988-ல் வெளியிட்டது. புல்லாங்குழல் வாசித்தவர் இந்துஸ்தானி மேதை ஹரிபிரசாத் சௌராசியா. ஐந்தே உருப்படிகள், பாட்டுவரி எதுவும் கிடையாது.

அது வந்து இரண்டு வருஷம் கழித்து, குன்னூர் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து வாடப் போடும் மாடியில் வேலை. சாயங்காலம் லாரியில் வந்து இறங்கும் பச்சை இலையை நீளத் தொட்டிகளில் கம்பிவலை மேல் பரப்பிவிட்டு, அடியிலிருந்து பெரிய பெரிய ஃபேன் வைத்துக் காற்றை ஊதவிடுவார்கள். 12 மணி நேரம், சில நாள் 16 மணி நேரம்கூட ஆகும். இலை துவண்டு, கைநிறைய அள்ளி அழுத்தினால் முறியாமல் பந்துபோல நிற்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை இரவு முழுக்க நடந்து நடந்து புரட்டிக்கொண்டே இருப்போம். ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது.

எங்கள் டீமேக்கர், அதாவது தேயிலைத் தயாரிப்பைப் பொறுப்பாகப் பார்ப்பவர், அந்த மாடியில் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். கேசட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, அடியில் ஒரு பிடி காய்ந்த தேயிலைத்தூளைத் துணியில் முடிந்து வைத்திருப்பார். ஈரத்தைத் தூள் இழுத்துக்கொள்ளுமாம். டப்பாவைத் திறந்தால் ஃபேக்டரி மணம் வரும். இன்றைக்கும் அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்குக் காதில் குழல் கேட்கிறது.

அவர் தினமும் போடுவது இந்தக் கேசட்தான். எனக்கு அது பிடிபடவே இல்லை. ஃபேன் இரைச்சலுக்கு அடியில் என்னவோ இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். "பாட்டு ஏதாச்சும் போடலாமே ஐயா" என்று ஒருநாள் கேட்டேன். "இதுவும் பாட்டுதான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஃபேன்கள் ஒவ்வொன்றாக இறங்கி இறங்கி நின்றன. இலை தேங்கிச் சூடேறினால் அன்றைய தேயிலையே கெட்டுவிடும் என்பதால் டீமேக்கர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரைப் பார்க்கக் கீழே ஓடினார். மாடியில் நான் மட்டும். கும்மிருட்டு. டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். குழல் தனியாகத் தொடங்கி ஒரு சுரத்தில் நின்றது. சௌராசியா மூச்சை இழுக்கும் ஒலிகூடக் கேட்டது. அதற்குப் பின்னால், வெகுதூரத்திலிருந்து வருவதுபோல வயலின்கள் எழுந்து வந்தன. குழலை அமுக்கவும் இல்லை, அதைத் தொட்டுக்கொண்டு பின்னாலேயே வரவும் இல்லை. அவை வேறொரு வழியில் ஏறிவந்து ஓரிடத்தில் குழலைச் சந்தித்தன. கையில் அள்ளிய இலையைக் கீழே போடாமல் அப்படியே நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். ஜெனரேட்டர் உயிர்பெற்று ஃபேன்கள் சுற்றத் தொடங்கியதும் எல்லாவற்றையும் இரைச்சல் விழுங்கிவிட்டது.

மேலே வந்தவர் என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். தலையாட்டினேன்.

இது ஏன் பேசப்படவில்லை என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். இதற்கு முன் 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' பற்றிப் பேசுவதற்கு ஒரு கதை இருக்கிறது. தியாகராஜருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு அது. இரண்டு மரபுகள் சந்திக்கின்றன என்று கட்டுரை எழுதலாம், எழுதவும் செய்தார்கள். சௌராசியாவை எடுத்துக்கொண்டால், 1967-ல் சந்தூர் வாசிக்கும் சிவகுமார் சர்மா, கிட்டார் வாசிக்கும் பிரிஜ் பூஷண் காப்ராவோடு சேர்ந்து அவர் செய்த 'கால் ஆஃப் தி வேலி'யைச் சொல்லாதவர்கள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் 'நத்திங் பட் விண்ட்' சிக்கிக்கொண்டது. சினிமாப் பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குக் குரல் இல்லை. இந்துஸ்தானி கேட்க வந்தவர்கள் ஆலாபனை ஆற அமர வளர்வதை எதிர்பார்த்தார்கள், இங்கே இசைக்குழு குறுக்கே வருகிறது. ராஜா அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பது என் கட்சி. 'கம்போசர்ஸ் பிரெத்' என்ற நீண்ட உருப்படியை வேறு வேலை எதுவும் செய்யாமல் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். மூச்சு எப்போது வாசிப்பவருடையது, எப்போது எழுதியவருடையது என்று பிரிக்க முடியாமல் போகும் இடம் ஒன்று வரும்.

டீமேக்கர் வேலையை விட்டுப் போகும்போது கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் தேயிலைத்தூள் முடிச்சு போட்டு வைக்கவில்லை. இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. திருகாணிகளைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, சாண் சாணாக இழுத்துத் துடைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முக்கால்வாசி மீண்டுவிட்டது. ஓரிடத்தில் மட்டும் குழல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிப்போனது. இப்போது ஃபோனில் துல்லியமாகக் கேட்கும்போதும் அந்த இடம் வந்தால் காது மங்கலுக்குக் காத்திருக்கிறது.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

கேத்தி

அண்ணா, எங்கள் டீக்கடை கேத்தி ஸ்டேஷனுக்குப் பக்கம். வருகிறவர்களில் பாதிப்பேர் "மூன்றாம் பிறை கடைசி சீன் எங்கே எடுத்தாங்க?" என்றுதான் கேட்பார்கள். இடத்தைக் காட்டிவிட்டு, சொல்ல ஆள் கிடைத்தால் நான் இன்னொன்றையும் சொல்வேன். அந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா தமிழில் முதலில் எடுத்த 'அழியாத கோலங்கள்' (1979) பாட்டுகளைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்பேன். 'மூடுபனி'யிலிருந்து அவருக்கு இளையராஜாதான். அதற்கு முந்தைய இந்தப் படத்துக்கு இசை சலீல் சௌத்ரி.

எனக்கு அது வந்த விதம் விசித்திரம். ஊட்டியில் அப்போது பாட்டுப் பதிந்து தரும் கடை இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். எங்கள் அக்கா தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டியல் கொடுத்தாள். அவள் கேட்டதெல்லாம் முடிந்தும் இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. கடைக்காரர் அதைச் சும்மா விடாமல் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். எஸ்.பி.பி. பாடிய 'நான் எண்ணும் பொழுது'. கடைசிச் சரணத்தில் நாடா தீர்ந்து, 'டக்' என்று பொத்தான் மேலே எழும்பிவிடும். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்பது எனக்கு ஆறேழு வருஷம் தெரியாது. அக்காவின் பட்டியலில் இருந்த ஒரு பாட்டும் இப்போது நினைவில் இல்லை. கடைக்காரர் போட்ட அந்த ஒன்றுதான் இருக்கிறது.

இதே மெட்டு 1971-ல் 'ஆனந்த்' இந்திப் படத்தில் லதா குரலில் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனாலேயே சிலர் இதைக் கழித்துவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஸ்.பி.பி. அதை வேறு வயதுக்காரனின் பாட்டாக ஆக்கிவிட்டார். ஜெயச்சந்திரனும் சுசீலாவும் பாடிய 'பூவண்ணம் போல நெஞ்சம்' அந்தப் படத்தில்தான்.

இன்னொன்று. சலீல் சௌத்ரி சின்ன வயதில் வளர்ந்தது அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே டாக்டர். வீட்டில் மேல்நாட்டு இசைத்தட்டுகள், வெளியே தோட்டத் தொழிலாளர்களின் பாட்டு, இரண்டையும் கேட்டு வளர்ந்த மனிதர். அதைப் படித்த நாளிலிருந்து அவரை எங்கள் பக்கத்து ஆளாகத்தான் நினைக்கிறேன்.

பூம்பாறை

'உழவன்', 1993. ரஹ்மானின் அந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 'ஜென்டில்மேன்', 'திருடா திருடா', 'கிழக்குச் சீமையிலே', 'புதிய முகம்' எல்லாம் அதே வருஷம். அந்தக் கூட்டத்தில் 'உழவன்' காணாமல் போய்விட்டது. 'பெண்ணல்ல பெண்ணல்ல' மட்டும் தப்பித்தது.

நாங்கள் பூண்டுக்காரர்கள். பறித்த பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிடும்போது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருப்போம், நடுவில் ரேடியோ இருக்கும். கொடைக்கானல் பண்பலை, 100.5. ஒருநாள் ஷாகுல் ஹமீது பாடிய 'மாரி மழை பெய்யாதோ' வந்தது. அந்த வருஷம் மழை தவறி, விதைப்பூண்டுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. எங்கள் அப்பா கட்டிக்கொண்டிருந்த கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அடுத்ததை எடுக்கவில்லை. எதுவும் பேசவும் இல்லை. மறுநாள் கொடைக்கானலுக்குப் போய் அந்தக் கேசட்டைத் தேடி வாங்கிவந்தேன்.

பந்தலூர்

நான் சொல்லப்போவது இந்தியாவில் பதிவானதே இல்லை. பரவாயில்லைதானே அண்ணா?

எங்கள் அப்பா, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அங்கேயும் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு, இங்கேயும் லயம். கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் துணிமணிக்கு நடுவே ஒரு ரேடியோ வந்தது. இங்கே வந்த பிறகும் அவர் இலங்கை வானொலியைத்தான் பிடிப்பார். இரவானால் அலை கொஞ்சம் தெளியும். சத்தம் ஏறி இறங்கி வரும்போது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் இங்கும் அங்கும் நடப்பார். எந்த இடத்தில் தெளிவாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் நின்றுவிடுவார். பனியில் தலைக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, தோளில் ரேடியோவோடு அவர் நிற்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்படி நின்று அவர் காத்திருந்தது பொப்பிசைப் பாட்டுகளுக்கு. பொப் என்றுதான் அவர் சொல்வார், பாப் என்று சொன்னால் திருத்துவார். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. கிட்டார், பொங்கோ, இலங்கையின் பைலா ஆட்டப்பாட்டுத் தாளம், அதன்மேல் யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழி. 'சுராங்கனி' பிறகு தமிழ் சினிமாவுக்கும் வந்தது, அதனால் இங்கே தெரியும். நித்தியின் பாட்டுகளை இங்கே எத்தனை பேர் தொகுப்பாகக் கேட்டிருப்பார்கள்?

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. தமிழில் சினிமா சாராத பொப் இசையின் கதையை இங்கே எழுதுகிறவர்கள் 1990-களில் தொடங்குகிறார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே கடலுக்கு அந்தப் பக்கம் இளைஞர்கள் சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, மேடையில் நின்று பாடிவிட்டார்கள். அந்தப் பாட்டில் இருக்கும் மாமியும் கள்ளுக்கடையும் சினிமா செட்டில் போட்டவை அல்ல, ஊரில் இருந்தவை. அப்பா ஊரை இழந்து வந்தவர். அவர் பிறந்த தோட்டத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெகுதூரம், பேச்சும் வேறு. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் அவர் முகம் மாறிவிடும். "இது நம்ம பக்கத்துப் பாட்டு" என்பார். நம்ம பக்கம் என்றால் எது என்று நான் கேட்டதில்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்)

என்னிடம் இருக்கும் தொகுப்புக்குப் பெயர் இல்லை. எங்கள் நீலகிரிப் படுகர் மொழிப் பாட்டுக் கேசட். எங்கள் அம்மா ஊட்டிக் கடையில் வாங்கியது. உறையில் இருந்த தாள் எப்போதோ போய்விட்டது, கேசட்டின் மேல் ஒட்டியதும் உரிந்துவிட்டது. யார் பாடினார்கள், எந்த வருஷம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாடுகிற பெண்ணின் குரலுக்கு நல்ல வயது இருக்கும். நடுவில் ஒரு பாட்டில் பின்னால் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, அதை அழிக்காமலேயே விட்டிருக்கிறார்கள். பண்டிகைக்கு ஆடும்போது அம்மா இந்த வரிசையில்தான் பாடுவாள், கேசட்டில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வருகிறதோ அதே வரிசை. ஃபோனில் எங்கே தேடியும் இது கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து மிச்சம். போன மழையில் அதிலும் வெள்ளை பூத்துவிட்டது. அண்ணா துடைத்ததாக எழுதியதைப் படித்த பிறகுதான் இதைச் சொல்லத் தோன்றியது.

குன்னூர்

தங்கச்சி, அதைத் தயவுசெய்து டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், நாடா சிக்கி அறுந்துவிடும். முன்னும் பின்னும் சுற்றவும் வேண்டாம். காய்ந்த தேயிலைத்தூளைத் துணியில் முடிந்து, மூடி இறுக்கமான டப்பாவில் கேசட்டோடு வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். சின்னத் திருப்புளி, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அம்மா வர முடிந்தால் அழைத்து வாருங்கள். மங்கிப்போன இடத்தில் என்ன வார்த்தை இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.