மெஸ்ஸர்ஷ்மிட் 262 'வி-2' 1943-லேயே விழுந்ததா, 1944-இல் பறந்ததா? ஜெட் முன்மாதிரிகளின் முடிவைத் தேடும் முறை

கேள்வி:
இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் விமான முன்மாதிரிகள் ஒவ்வொன்றும் கடைசியில் என்ன ஆயின என்று பட்டியல் போடுகிறேன். மெஸ்ஸர்ஷ்மிட் 262 வி-2 1943 ஏப்ரல் 18 அன்று விழுந்து நொறுங்கி, ஓட்டிய ஓஸ்டர்டாக் இறந்தார் என்று ஒரு பட்டியல் சொல்கிறது. இன்னொன்றில் அதே வி-2, 1944-இல் ரேடார் ஆன்டெனா சோதனையில் இருக்கிறது. எது சரி? அப்படியே ஹோர்டன் 229, மெஸ்ஸர்ஷ்மிட்டின் பி.1101 ஆகிய முன்மாதிரிகள் இரண்டும் எங்கே போயின என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
இரண்டுமே சரிதான், ஏனென்றால் அவை இரண்டு தனித்தனி விமானங்கள். (இங்கே 'வி' என்பது சோதனை விமானம் என்ற குறி, ராக்கெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முதல் வரிசை முன்மாதிரிகள் அழிந்தபின் அதே வி எண்களை உற்பத்தி வரிசையிலிருந்து எடுத்த விமானங்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். விழுந்தது பி.சி + யு.பி எழுத்துகள் கொண்டது. ஆன்டெனா சோதனைக்குப் போனது 170056 என்ற தொழிற்சாலை எண் கொண்டது. எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து அதை வி-056 என்றும் எழுதுவார்கள், குழப்பம் இன்னும் கூடும்.

அதனால் பட்டியலின் முதல் கட்டத்தில் வி எண்ணை வைக்காதீர்கள். ஒரு விமானத்துக்கு ஒரு வரி. தொழிற்சாலை எண், விமான உடலில் வரைந்த சிலுவையின் இருபுறமும் இருக்கும் நான்கு எழுத்து, வி எண், கைப்பற்றியவர் கொடுத்த எண், கடைசியாக உறுதியான இடமும் தேதியும் என்று கட்டங்கள் போடுங்கள். எழுத்து தெரியாத படமென்றால் சக்கரத்தைப் பாருங்கள். 262-இன் முதல் நான்கு முன்மாதிரிகளுக்கு வால் சக்கரம். ஐந்தாவதில் மடங்காத மூக்குச் சக்கரம், ஆறாவதில்தான் மடங்கும் சக்கரம். அராடோ 234-இன் முதல் எட்டும் தள்ளுவண்டியில் ஓடி மேலெழுந்து, சறுக்குச் சட்டத்தில் இறங்கியவை.

பதில் 2:
கைப்பற்றியவர் எண்ணைத் தவறவிட்டால் தடம் அங்கேயே அறுந்துவிடும். கைப்பற்றிய விமானங்களின் எண்ணுக்கு முன்னால் அமெரிக்கர்கள் முதலில் எஃப்.ஈ என்று போட்டார்கள், பிறகு டி2 என மாற்றினார்கள். பிரிட்டிஷார் போட்டது 'ஏர் மின்' (விமான அமைச்சகம்) வரிசை. ஹோர்டன் 229-இல் மூன்று: முதலாவது எஞ்சின் இல்லாத கிளைடர், இரண்டாவது 1945 பிப்ரவரி 18 அன்று ஒரானியன்பர்க்கில் விழுந்து ஓட்டிய ட்ஸில்லர் இறந்தார், மூன்றாவது முடிவடையாத நிலையில் ஃப்ரீட்ரிக்ரோடாவில் அமெரிக்கர் கையில் சிக்கியது. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வார்-ஹேஸி மையத்தில் இருப்பது அந்த மூன்றாவதுதான், எண் டி2-490. அது ஒருபோதும் பறந்ததில்லை. பறந்த ஹோர்டன் 229 இன்றும் இருக்கிறது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

பி.1101 ஓபராம்மெர்காவ்வில் 1945 ஏப்ரல் இறுதியில் கிடைத்தது. அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளம் வழியாக 1948-இல் பெல் விமான நிறுவனத்துக்குப் போனது. அங்கே இறக்கும்போது சரிந்து சேதமாகிவிட்டது, கடைசியில் உடைத்துப் போட்டார்கள். டேட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் பெல் எக்ஸ்-5 அதன் கருத்தை எடுத்துப் புதிதாகக் கட்டியது. இறக்கையின் பின்சாய்வை பி.1101-இல் தரையில் வைத்துத்தான் மாற்ற முடியும். எக்ஸ்-5 பறக்கும்போதே மாற்றும். இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

பதில் 3:
உதிரிபாகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். யுங்கர்ஸ் 287 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் வி-1-க்கு உடல் ஹெய்ன்கெல் 177-உடையது, மூக்குப் பக்கச் சக்கரங்கள் வீழ்ந்த அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து கழற்றியவை. அப்படிப்பட்ட விமானத்தில் ஒரு பாகத்தின் எண் முழு விமானத்தைக் காட்டாது.

இன்னொரு பொறி: அமெரிக்காவில் பிற்காலத்தில் கட்டிய 262 மறுஆக்கங்களுக்கு 501241-இலிருந்து தொழிற்சாலை எண்களைத் தொடர்ந்து போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அசல் வரிசைபோலவே தெரியும். உள்ளே இருப்பது ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின். ரோஸ்டாக் விமான நிலையத்தில் இருக்கும் ஹெய்ன்கெல் 178-ம் மறுஆக்கமே. 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த அசல், பெர்லின் அருங்காட்சியகத்தில் 1943 குண்டுவீச்சில் போய்விட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வி-2-வை இரண்டு வரியாகப் பிரித்துவிட்டேன். அராடோ 234-இல் எஞ்சியிருப்பது ஒன்றுதானே?

பதில் 2:
ஆம், 140312. நார்வேயின் சோலா தளத்தில் பிடிபட்டு, ரீப்பர் கப்பலில் அமெரிக்காவின் நெவார்க் வந்தது. எஃப்.ஈ-1010 என்று தேடுங்கள். அது முன்மாதிரி அல்ல, உற்பத்தி விமானம். உங்கள் பட்டியலில் தனியாக வையுங்கள்.