மலைநாட்டு மீன்களும் ஆய்வாளர் கடிதங்களும்: புதுப்பிப்பு

இலங்கை மலைநாட்டு மீன்களை ஆராய்ந்த மீனியல் ஆய்வாளர்களின் பழைய தொழில்முறைக் கடிதங்களைத் தேடுவானேன், அச்சான நூல்களே போதாவா என்று என் முந்தைய பதிவில் சிலர் கேட்டிருந்தனர். போதா என்பதே என் எண்ணம். லண்டனிலிருந்து விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1859 முதல் 1870 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட மீன் அட்டவணையில் பல இனங்களுக்கு இடம் ‘இலங்கை’ என்ற அளவிலேயே நிற்கிறது. எந்த ஓடை, எவ்வளவு உயரம் என்பதை மாதிரியை அனுப்பியவரின் கடிதம்தான் சொல்லக்கூடும். சாராயத்தில் இட்ட மீன் நிறம் வெளுத்துவிடுவதால், உயிரோடிருந்தபோது அது எந்த நிறத்தில் இருந்தது என்பதற்கும் அத்தகைய குறிப்பே சான்று.

இலங்கையின் மகாவலி ஆற்றுக்கே உரிய லேபியோ பிஷரி என்ற மீனை மீனியலாளர்கள் ஜோர்டானும் ஸ்டார்க்ஸும் 1917இல் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தனர். பாறைகளுக்கிடையே விரைந்தோடும் நீரை விரும்பும் இம்மீனின் ஆற்றுப்பகுதிகளில் சில, 1980களில் கட்டப்பட்ட விக்டோரியா, கொத்மலை அணைகளுக்குப் பின்னால் அமிழ்ந்துவிட்ட நிலையில், பழைய சேகரிப்பிடங்களை நேரில் சென்று சரிபார்ப்பது எளிதன்று.

1929இல் செந்நிறக் கெண்டையை விவரித்த பி. இ. பி. தெரணியகல பின்னாளில் இலங்கையின் தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளரானவர் என்பதால், அலுவலகக் கோப்புகளையும் விட்டுவிடலாகாது. தேயிலைத் தோட்டத்துப் பழைய அலுமாரிகளில் இத்தகைய கடிதங்களின் கரித்தாள் பிரதிகள் வைத்திருப்போர், அவற்றைப் பழைய கடதாசிக்காரரிடம் போடுமுன் ஒருமுறை படம்பிடித்து வைக்கவும்.